வெட்டாமல் விட்ட நான்கு விநாடி

ட்ரோனை எப்படிப் பறக்கவிடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஓசூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெறும்வரை அந்த ரிமோட்டை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் அதை வைத்து ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

புதிதாக எஸ்.ஐ. ஆகி வந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தில் ஒன்றை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். நான் பிடித்த கேஸ் எதையாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச என்னோடு வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம்.

சவிதா ஸ்டேஷனுக்கு வந்தபோது கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்தாள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சொந்த ஊர் எல்லை தாண்டி கர்நாடகத்தில், ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமம். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. உடைந்து, சரியாகக் கட்டுப் போடாமல் சேர்ந்த எலும்பு. எப்படி ஆச்சு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இத்தனை வருட சர்வீஸில் அந்த மாதிரி மணிக்கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கேஸ் பேடா, வேணாம் மேடம்," என்றாள். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவளுக்குப் பேச்சு வரும். "கேஸ் போட்டா கோர்ட்டுக்கு வரணும். கோர்ட்டுக்கு வந்தா அவனைப் பாக்கணும்."

"அப்பறம் எதுக்கும்மா வந்த?"

"அவன் தேடிக்கிட்டு வருவான். ஸ்டேஷன்லதான் மொதல்ல கேப்பான். நானும் பாப்பாவும் இந்த ஊர்ல இருக்கறதை மட்டும் சொல்லிடாதீங்க. அது போதும்."

கணவன் பெயர் நாகராஜ். டெம்போ ஓட்டுகிறவன். பாப்பாவுக்கு ஆறு வயது, பக்கத்திலேயே ஒரு பள்ளியில் சேர்த்திருந்தாள். நான் அவளிடம் சொன்னேன்: "இந்த ஸ்டேஷன்ல இருந்து யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு."

அந்த வாக்கை ஒருமுறை காப்பாற்றவும் செய்தோம். இரண்டு மாதம் கழித்து நாகராஜ் ஒரு போட்டோவோடு வந்தான். எங்கள் ரைட்டர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய இந்தப் பக்கம் பாத்ததில்லையே," என்று திருப்பிக் கொடுத்தார். அவன் போன பிறகு எனக்கு ஒரு திருப்தி இருந்தது. மறைக்க மாட்டேன்.

அடுத்த வருடம் தேர்த் திருவிழாவுக்கு எங்களுக்கு ட்ரோன் கொடுத்தார்கள். முதல்முறை. தினேஷ் என்று ஒரு கான்ஸ்டபிள், இன்ஜினியரிங் படித்துவிட்டு போலீசுக்கு வந்தவர், அவர்தான் இயக்கினார். அது உபயோகம் இல்லாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. தேர் திரும்பும் மூலையில் ஒரு சந்துக்குள் ஜனம் முட்டி நெருக்குவதைக் கீழே நின்ற எங்களால் பார்க்க முடியவில்லை. மேலிருந்து தெரிந்தது. தடுப்பை இரண்டு ஆள் நீளம் தள்ளி வைத்தோம், கூட்டம் வடிந்தது. நெரிசலில் சிக்கி யாரும் சாகாமல் அந்தத் திருவிழா முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எதற்காக மேலே அனுப்பினோமோ அந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் படம் அழகாக இருந்தது. வடம் பிடிக்கும் கைகள், பூ, சந்து சந்தாக ஜனம். மேலதிகாரி பார்த்துவிட்டு, நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல போடுங்கம்மா, போலீஸ் என்ன வேலை செய்யறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும் என்றார். தினேஷ் அதை நான்கு நிமிடமாகச் சுருக்கி நாதஸ்வரம் சேர்த்து என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய லேப்டாப்பில் நின்றபடியே பார்த்தேன். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க ட்ரோன் கொஞ்சம் கீழ வந்துருச்சு மேடம். மொட்டை மாடில நிக்கறவங்க மூஞ்சியெல்லாம் கிட்டத்துல தெரியுது. நாலு செகண்டுதான். வெட்டிடட்டுமா?"

"எதுக்கு? நல்லா சந்தோஷமா கையாட்டறாங்க. இருக்கட்டும்."

இதுதான் நான் சொன்னது. தினேஷ் கேட்டார், நான் சொன்னேன். பின்னால் யாராவது அந்தப் பையன் கவனிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாடியில் ஐந்தாறு பேர் நின்றார்கள். முன்னால் ஒரு சின்னப் பெண் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். நான் குழந்தையைத்தான் பார்த்தேன். அண்ணாந்தவளைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஒரே ஒருமுறை, பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தவள். ஆனால் அவளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு நான்கு விநாடி தாராளம்.

படம் போட்ட ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நாகராஜ் ஸ்டேஷனுக்கு வந்தான். கூட உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர். சத்தம் போடவில்லை. சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, மனுவை மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"பொண்டாட்டியும் பாப்பாவும் காணோம் மேடம். மதியம் வரைக்கும் இங்கதான் இருந்திருக்காங்க. நான் வந்திருக்கறது தெரிஞ்சி யாரோ ஸ்கூல்ல இருந்து பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க இந்த ஊர்லதான் இருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே மேடம் காட்டினீங்க."

போனை எடுத்து மேசை மேல் வைத்தான். எங்கள் படம். மாடி வந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கி வைத்திருந்தான்.

"எங்க ஊர் குரூப்ல வந்துது. பாப்பா கையாட்டறா பாருங்க. பின்னால அவ. எதுத்தாப்ல டயர் கடை போர்டு தெரியுது இல்ல, அதை வெச்சி வந்தேன். கடைக்காரரு படத்தைப் பாத்ததும் இந்த மாடிதான்னு காட்டிட்டாரு. ஒரு வருஷமா தேடறேன் மேடம். உங்க ஸ்டேஷனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னான். கிண்டலாக இருந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனுவை வாங்கி ரைட்டரிடம் கொடுத்து, உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குள் பிரமுகர் மேலே பேசிவிட்டார். ஸ்டேஷன் வாசலிலேயே மேலதிகாரியின் போன் வந்தது. "சின்னக் குழந்தைம்மா. இருட்டறதுக்குள்ள கண்டுபிடிங்க. கேமரா இருக்கு, ட்ரோன் இருக்கு, இன்னும் என்ன வேணும்?"

நான் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். மாடி அறையை சவிதாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் மும்தாஜ் அக்கா. அவர் வீட்டுக்காரர் பழைய இரும்பு வியாபாரி. அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அவன் பன்னெண்டு மணிக்கே வந்து படிக்கட்டுல உக்காந்துட்டான் மேடம். நான்தான் அவளுக்குப் போன் அடிச்சேன். கம்பெனி பஸ்ல வந்துக்கிட்டு இருந்தா. வராதடி, அந்த வீடியோவைப் பாத்துட்டு வந்துட்டான்னேன். பாப்பா ஸ்கூல்லதானே இருக்குதுன்னு ஒரே வார்த்தை கேட்டா. கட் பண்ணிட்டா. அதுக்கப்பறம் சுவிட்ச் ஆஃப்."

"எங்க போயிருப்பா? சொந்தக்காரங்க, தோழிங்க யாராச்சும்?"

மும்தாஜ் அக்கா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "தெரிஞ்சா சொல்லணுமா மேடம்? சொன்னா அதையும் படம் எடுத்துப் போட்டுருவீங்களா?"

அவருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "நெஜமா தெரியாது. எனக்கே பயமா இருக்குது. போன வாரம்கூட பேச்சுவாக்குல சொன்னா, அவன் வந்துட்டான்னா நான் இருக்க மாட்டேன் அக்கான்னு."

இருக்க மாட்டேன். இந்த ஊரில் இருக்க மாட்டேன் என்றாளா, உயிரோடு இருக்க மாட்டேன் என்றாளா? மும்தாஜ் அக்காவுக்கும் தெரியவில்லை. இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியவர்களை நான் மேலே எடுத்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியெல்லாம் இதுதான் மனதில் ஓடியது. தேடினால், தேடிய வழி காகிதத்தில் ஏறும். காகிதம் மேலே போகும், மேலே இருந்து பிரமுகருக்கு, அவரிடமிருந்து நாகராஜுக்கு. தேடாமல் விட்டால், நாளைக் காலையில் அணைத் தண்ணீரில் இரண்டு பேர். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்து செய்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

தினேஷ் எனக்காகக் காத்திருந்தார். போக்குவரத்து நெரிசலைப் பார்ப்பதற்காக அன்று மதியத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு மேலே அடிக்கடி ட்ரோனை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதிவு அவரிடம் இருந்தது.

"பாக்கட்டுமா மேடம்?"

"கதவைச் சாத்துங்க. நம்ம ரெண்டு பேரு மட்டும்."

இருபது நிமிடம் ஓட்டினோம். யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி, பள்ளிப் பை மாட்டிய குழந்தை. ஆட்டோவிலிருந்து இறங்கி, எந்த போர்டையும் படிக்காமல், புறப்படத் தயாராக நின்ற ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். தினேஷ் பஸ் நம்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கெலவரப்பள்ளி அணை வழியாகப் போகிற பஸ்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாகராஜ் ரைட்டரிடம் தண்ணீர் கேட்கும் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட சொல்லிடலாமா மேடம்?" என்றார் தினேஷ். "அப்பன்தானே. பயந்துக்கிட்டு இருப்பாரு."

"அந்த மெமரி கார்டை எடுத்து என் கையில குடுங்க. நீங்க எதையும் பாக்கலை."

வயர்லெஸ் மைக்கில் சொன்னால் ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும். அதனால் சொல்லவில்லை. பெண் கான்ஸ்டபிள் ஒருவருடைய ஸ்கூட்டரில், தொப்பியைக் கழற்றிவிட்டு, பின்வழியாகக் கிளம்பினேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அணையை நெருங்கும்போதே கழிவுநீர் நாற்றம் வந்தது. மதகிலிருந்து தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்கி ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. நுரைக்கு அடியில் எது மிதந்தாலும் தெரியாது. கரை மேல் ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு சிவப்புத் துணி கண்ணில் பட்டு நின்றுவிட்டேன். அது யாரோ எறிந்த சாக்கு.

பின்னாலிருந்து அந்தப் பெண் கான்ஸ்டபிள் கூப்பிட்டார். சவிதா கரையில் இல்லை. கீழே மீன் வறுக்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திண்டில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. என் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "சாவறதுக்கு வரல மேடம். இந்த பஸ்தான் கெளம்ப ரெடியா இருந்துது. ஏறிட்டேன். எங்க எறங்கறதுன்னு தெரியல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் இங்க இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தேன். கண்டக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். "பஸ் ஸ்டாண்ட் மேல ட்ரோன் இருந்துது," என்றேன்.

அவள் மேலே பார்த்தாள். பிறகு துப்பட்டாவை எடுத்துக் குழந்தையின் தலைமேல் போட்டாள். குழந்தை அதை விலக்கப் பார்த்தது. அவள் அதன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தேர்ப் படத்துல உங்களை வெட்ட வேணாம்னு சொன்னது நான்தான் சவிதா. வேற யாரும் இல்ல."

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க மேடம்." அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை.

குழந்தை துப்பட்டாவுக்குள்ளிருந்து என்னைக் கேட்டது: "நான் கையாட்டினேன்ல, அதனாலயா அப்பா வந்தாரு?"

"இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல."

"அம்மாவும் அதையேதான் சொல்லுது," என்றது குழந்தை. நம்பியதாகத் தெரியவில்லை.

நான் செய்யக்கூடியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். புகார் கொடு, இன்றைக்கே அவனை உள்ளே வைக்கிறேன் என்றேன். "எத்தினி நாளைக்கு மேடம்?" என்றாள். அரசு காப்பகத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். "நீங்க ஏற்பாடு பண்ற எடம் வேணாம்." பஸ் ஸ்டாண்ட் வரை ஜீப் வரச் சொல்கிறேன் என்றேன். அதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள், ஒரு வெள்ளைத் தாள். நானும் என் மகளும் என் சொந்த விருப்பத்தில்தான் வீட்டை விட்டு வந்தோம், யாரும் கடத்தவில்லை, கணவனோடு போக விருப்பம் இல்லை, நான் இருக்கும் இடத்தை அவருக்குச் சொல்லக் கூடாது என்று கன்னடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோணல் கையால் எழுத நேரம் பிடித்தது. கூட வந்த கான்ஸ்டபிள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மேஜர் ஆன ஒருத்தி, தன் குழந்தையோடு, தன் விருப்பத்தில் இருக்கிறாள். அவள் காணாமல் போனவள் இல்லை. சட்டப்படி எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இரண்டு பக்கமிருந்தும் பஸ் வரும் இடம் அது. அவள் எழுந்து குழந்தையின் கையைப் பிடித்துச் சாலைக்கு நடந்தாள். எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் இருக்க நாங்கள் இருவரும் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டோம். பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பியபோது சாலையில் யாரும் இல்லை.

ஸ்டேஷனில் நாகராஜிடம் தாளைக் காட்டினேன். படித்தான். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது அவ எழுத்துதான். அப்ப நீங்க பாத்திருக்கீங்க. எங்க இருக்கா?"

"தெரியாது."

"என் பாப்பா மேடம் அது."

"அதைக் கோர்ட்டுல போய்க் கேளுங்க. அந்தக் கையை உடைச்சது யாருன்னு அங்க அவங்களும் கேப்பாங்க."

முதல்முறையாக அவன் முகம் மாறியது அப்போதுதான். பிரமுகர் அவன் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு வந்த நாட்களில் அவர்களுடைய ஆட்கள் தினேஷைப் பிடித்து, அந்த பஸ் ஸ்டாண்ட் படத்தில் ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்று கேட்டிருக்கிறார்கள். தினேஷ் கொடுக்கவில்லை. கேட்டவர்களின் பெயரை என்னிடம் வந்து சொல்லிவிட்டார்.

மேலதிகாரிக்கு வேறு யோசனை இருந்தது. மறுநாள் கூப்பிட்டுப் பாராட்டினார். "ட்ரோன்ல பாத்துதானே போனீங்க? தாயும் சேயும் மீட்புன்னு ஒரு செய்தி குடுத்துடலாம். அந்தப் பதிவுல அவங்க பஸ் ஏறற இடத்தை மட்டும் எடுத்துக் குடுங்க. முகத்தை மறைச்சிக்கலாம்."

"மீட்கல சார். போய்ப் பேசிட்டு வந்தேன்."

"அதான்மா. அதைத்தான் மீட்புங்கறது."

"அந்தப் படம் வெளிய போகாது சார். பஸ் நம்பரே போதும் அவனுக்கு."

அவர் ஃபைலைத் திறந்துகொண்டார். நான் சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். தேர்ப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். ஆனால் அதற்குள் அது எத்தனை போன்களில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நடந்ததை முழுதாக எழுதி, தவறு என்னுடையது என்று அறிக்கை கொடுத்தேன். இனிக் கவனமாக இருக்கவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தண்டனை கிடையாது. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, குறையே சொல்ல முடியாத சர்வீஸ் என்று பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை உங்களுக்குப் பயிற்சியில் பாடமாக வைத்திருப்பார்கள். எனக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்கள். அப்போது நான் அதைப் பெரிய மனிதர்களின் சமாச்சாரம், போன் ஒட்டுக்கேட்பது, ஆதார் என்று நினைத்திருந்தேன். மொட்டை மாடியில் துணி எடுக்கிறவளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. நம் ஜனங்கள் தெருவில் நிற்கிறவனுக்காகச் சுவர் கட்டுகிறார்கள். மேலே இருந்து ஒருவன் பார்ப்பான் என்று யாரும் கணக்குப் போட்டு வீடு கட்டுவதில்லை. மாடியில் நிற்கிறவள் தெருவில் நிற்பதாக நினைப்பதில்லை, வீட்டில் இருப்பதாகத்தான் நினைக்கிறாள்.

நீங்கள் ட்ரோன் அனுப்பாமல் இருக்க முடியாது. அனுப்புங்கள். அன்று சாயங்காலம் நானே அதைத்தான் நம்பி ஓடினேன். எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அந்த வேலை முடிந்ததும் மீதியை வைத்துக்கொண்டு ஆசைப்படாதீர்கள். வெட்டட்டுமா என்று உங்களுக்குக் கீழே இருக்கிற ஒருவர் கேட்டால், ஏன் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது. மேசையில் வைத்திருந்த டீ ஆறிவிடுமே என்ற அவசரம்தான் அப்போது எனக்கு.

அணைக்குப் போன அந்த நாளுக்குப் பல மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முன், வேறொரு ஊரின் மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். ஊர் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

"ஒரு அம்மா என்கிட்ட வந்திருக்காங்க. பேர் சொல்ல வேணாம்னு சொல்றாங்க, உங்களுக்கே தெரியும்னாங்க. பாப்பாவோட டி.சி. ஓசூர் ஸ்கூல்லயே கெடக்குதாம். போய்க் கேக்க பயமா இருக்குதாம். வாங்கித் தர முடியுமா?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. நாகராஜ் வாரம் ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போய், டி.சி. கேட்டு யாராவது வந்தார்களா, எந்த ஊருக்குக் கேட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். நான் தலைமையாசிரியையைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லி, சான்றிதழைக் கையோடு வாங்கினேன். தாயின் கையெழுத்து வாங்கவேண்டிய படிவம் ஒன்றும் கொடுத்தார்கள். தபாலில் அனுப்பவில்லை. தபாலுக்கு விலாசம் எழுத வேண்டும். விடுப்பு எடுத்து, சாதாரணப் புடவையில், பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனேன். சவிதா இருப்பது அந்த ஊரும் இல்லை. எங்கிருந்தோ அங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முன் அறையில் உட்கார்ந்து கவரைக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. உள்ளே குழந்தை ஏதோ கேட்பதும், அம்மா சத்தம் போடாதே என்று கன்னடத்தில் சொல்வதும் கேட்டது. அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து படிவத்தைக் கொடுத்தார். கையெழுத்து அதே கோணல் எழுத்து.

"நீங்களே கொண்டு வந்திருக்கீங்க, ஒரு தடவை பாக்கறீங்களான்னு அவகிட்ட கேட்டேன். வேண்டாங்கறா."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது. நீங்க இருக்கற வரைக்கும் வெளிய வர மாட்டேன்னு உக்காந்திருக்கா."

டீ வாங்கி வைத்திருந்தார்கள். குடிக்காமல் எழுந்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிரிலேயே இருந்தது, ஓசூருக்குப் போகிற பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. அவளும் அங்கேதான் வந்து ஏற வேண்டும். நான் அதைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நெடுஞ்சாலை வரை நடந்துபோய், அங்கே கை காட்டி பஸ் ஏறினேன்.